அறுபத்திரண்டு புள்ளிகள்

வேலையில் சேர்ந்த முதல் நாளே, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த மனிதரை ஜெயமணி அடையாளம் கண்டுகொண்டாள். முன்தலையில் முடி கொட்டியிருந்தது. தொப்பை விழுந்திருந்தது. ஆனால் பேச்சுக்கு நடுவே இடது கையால் மேஜையைத் துடைத்துவிடுகிற பழக்கம் அப்படியே இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அதே கைதான் அவள் அப்பாவின் கண்ணெதிரே ஒரு வரைபடத்தின்மேல் உதிர்ந்த மண்ணைத் துடைத்துத் தள்ளியது.

"மோகன்குமார் சார். நம்ம புராஜெக்ட் ஹெட்டு," என்றாள் பக்கத்து நாற்காலிப் பெண். "நல்ல மனுசன்தான். எத நீட்டுனாலும் கையெழுத்து போட்டுடுவாரு."

ஜெயமணி தலையாட்டினாள். கம்ப்யூட்டரைப் போட்டாள்.

அது 2007 ஜூன் மாதம். ஓசூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு வங்கிக்கு மேல்மாடியில் இருந்தது அந்தத் தனியார் கம்பெனி. செயற்கைக்கோள் எடுத்து அனுப்பும் படங்களைத் திரையில் போட்டு, எது வயல், எது தோப்பு, எது காடு, எது தரிசு என்று பிரித்துக் கோடு போட்டு, மாவட்டம் முழுவதற்கும் வரைபடம் தயாரிப்பதுதான் வேலை. அந்தப் படங்களில் பயிர் பச்சையாகத் தெரியாது. சிவப்பாகத் தெரியும். பயிர் செழிக்கச் செழிக்கச் சிவப்பும் ஏறும். வெறும் மண் வெளிறிய சாம்பல் நீலம். தண்ணீர் கறுப்பு. புதிதாக வருகிறவர்களுக்கு இது கண்ணில் படியவே ஒரு மாதம் ஆகும். ஜெயமணிக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. அவள் கல்லூரியில் புவியியல் எடுத்ததும், அதற்கு மேல் இந்தப் படங்களைப் படிக்கவே தனியாக ஒரு டிப்ளமோ முடித்ததும், சூளகிரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த விசாரணையின் காரணமாகத்தான்.

சூளகிரிக்குத் தெற்கே, நெடுஞ்சாலையிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே, கோணேரிக்கொத்தூர் அவள் ஊர். அப்பா ஆஞ்சப்பனுக்கு நாலு ஏக்கர். ஆடியில் கேழ்வரகு விதைத்து கார்த்திகையில் அறுப்பார்கள். ஊடே அவரை, துவரை. பிறகு கொள்ளு. கோடையில் நிலம் வெறுமனே கிடக்கும். 2001இல் அந்தப் பக்கம் தொழிற்பேட்டை வரப்போவதாகச் சொன்னார்கள். தரிசு நிலத்தை மட்டும்தான் எடுப்போம் என்றார்கள். ஊர்க்காரர்கள் நிம்மதியாக இருந்தார்கள். கடைசியில் வரைபடம் வந்தபோது ஊரின் கிழக்குப் பக்கம் முழுக்கத் தரிசு என்று இருந்தது.

ஆட்சேபம் கேட்கிற விசாரணைக்கு ஆஞ்சப்பன் ஒரு கை கேழ்வரகுப் பயிரை வேரோடு பிடுங்கிக்கொண்டு போனார். கதிர் முற்றி, மடக்கிய விரல்கள்போல் சுருண்டிருந்த நேரம். பதினெட்டு வயது ஜெயமணி கூடப் போனாள். நிலம் எடுக்கும் அதிகாரிக்குப் பக்கத்தில் வரைபடக் கம்பெனியின் ஆளாக மோகன்குமார் உட்கார்ந்திருந்தார்.

"இது இன்னிக்கு காத்தால புடுங்குனது சாமி," என்று ஆஞ்சப்பன் பயிரை மேஜைமேல் வைத்தார். "தரிசுல இது மொளைக்குமா?"

வேரிலிருந்த மண் வரைபடத்தின்மேல் உதிர்ந்தது. மோகன்குமார் அதை இடது கையால் துடைத்துத் தள்ளினார்.

"பெரியவரே, இது ஆகாயத்துல இருந்து எடுத்த படம். இதுக்கு உங்களையும் தெரியாது, என்னையும் தெரியாது. பொய் சொல்லாது. படம் எடுத்த பெறகு நானே நேர்ல வந்து அறுபத்திரண்டு எடத்துல பார்த்துட்டுத்தான் எழுதியிருக்கேன். மொதல்ல இந்தக் குப்பைய வெளிய போட்டுட்டு வாங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஆஞ்சப்பன் அசையாமல் நின்றார். ஜெயமணிதான் பயிரை வாரி எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மண்டபத்துப் படிக்கட்டின் ஓரம் வைத்தாள். அங்கே திரிந்த ஒரு மாடு வந்து தின்றது. அது முழுவதையும் தின்று முடிக்கிற வரைக்கும் அவள் அங்கேயே நின்றிருந்தாள்.

அந்த ஆள் ஊருக்குள் வந்ததே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆறு கிலோமீட்டர் மண்ரோட்டில் ஒரு ஜீப் வந்து போனால் ஊருக்கே தெரிந்திருக்கும். நிலம் போனது. அதில் ஒரு பகுதியைச் சுற்றிச் சுவர் எழும்பியது. வண்டி உதிரிபாகம் செய்கிற தொழிற்சாலை வந்தது. ஆஞ்சப்பன் ராயக்கோட்டை மண்டியில் தக்காளிப் பெட்டி தூக்கப் போனார்.

மோகன்குமாருக்கு அவளை நினைவில்லை. "எந்த ஊரும்மா?" என்று கேட்டபோது "சூளகிரிப் பக்கம் சார்" என்றாள். "ஓ, நம்ம பழைய புராஜெக்ட் ஏரியா," என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அவள் காத்திருந்தாள். யாரைவிடவும் கவனமாக வேலை செய்தாள். ராயக்கோட்டைப் பக்கத்துக்கான வரைபடத் தாளைப் போடும் வேலை அவளிடம் வந்தது. நவம்பரில் ஒரு நாள் மோகன்குமார் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று திரையில் விரல் வைத்தார்.

"இந்தா தெரியுது பாரு, சிவப்புல புள்ளி புள்ளியா? நம்ம மாந்தோப்பு. மூணு ஏக்கர். ரிட்டயர் ஆனா அங்கதான் போய் உக்காரப் போறேன். அம்மாவுக்கும் அங்கதான் வீடு கட்டிக்கிட்டிருக்கேன்."

"நல்லா இருக்குதுங்க சார்," என்றாள் ஜெயமணி.

அதே வாரம் அலுவலகத்தில் இன்னொரு பேச்சும் அடிபட்டது. ராயக்கோட்டைப் பக்கம் இன்னொரு தொழிற்பேட்டைக்கு இடம் பார்க்கிறார்கள். இந்த வரைபடத்தில் தரிசு என்று வருகிற இடங்களைத்தான் முதலில் எடுப்பார்கள்.

அன்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபிறகு அவள் அந்தத் தோப்பைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கோட்டை இழுத்தாள். நிறத்தை மாற்றினாள். மாந்தோப்பு தரிசானது. ஒரு சின்ன இடைஞ்சல் மட்டும் இருந்தது. ஐந்தரை ஏக்கருக்குக் குறைந்த எதையும் தனியாகக் காட்டக்கூடாது என்பது திட்டத்தின் விதி. மூன்று ஏக்கரை மட்டும் தரிசாக்கினால் சரிபார்க்கும் மென்பொருள் தவறு என்று காட்டிக்கொடுத்துவிடும். அதனால் தோப்பை ஒட்டிக் கிடந்த இன்னும் மூன்று ஏக்கரையும் சேர்த்து வளைத்தாள். மொத்தமும் வரைபடத்தில் தரிசைக் காட்டும் வெளிறிய மஞ்சளாக மாறியது.

படத்தாளை அச்செடுத்து அவர் முன் நீட்டினாள். போனில் யாருக்கோ சிமெண்டு மூட்டைக்குச் சொல்லிக்கொண்டே மோகன்குமார் கையெழுத்துப் போட்டார். தன் தோப்பிருந்த இடத்துக்கு இரண்டு விரற்கடை கீழே பேனா ஓடியதை ஜெயமணி பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சுக்குள் குளிர்ந்த தண்ணீரை ஊற்றியதுபோல் இருந்தது. கையெழுத்தான கோப்பு வழக்கப்படி ஒரு சிடியில் பதிவாகி அலமாரிக்குப் போனது.

எட்டு நாள் அவள் மிதந்தாள் என்றே சொல்ல வேண்டும். விசாரணைக்கு அவர் கையில் ஒரு மாங்கிளையோடு வந்து நிற்பதை நினைத்து நினைத்துப் பார்த்தாள். ஒன்பதாம் நாள் கள ஆய்வுக்கு அவளை ராயக்கோட்டைக்கு அனுப்பினார்கள். வேறு இடங்களைப் பார்த்து முடித்தபிறகு, தோப்பைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில் டிரைவரை அந்தப் பக்கம் திருப்பச் சொன்னாள்.

தோப்பை ஒட்டி ரோஜாத் தோட்டம் இருந்தது. ஒரு அம்மாள் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு பூ வெட்டிக்கொண்டிருந்தாள். ஜீப்பைப் பார்த்ததும் கத்தரியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"சர்வேயாம்மா? அளக்க வந்திருக்கீங்களா?"

"இல்லீங்க, சும்மா பார்க்க வந்தேன். இது யாரு நெலம்?"

"என்னுதுதான். செல்வம்மாளுன்னு பேரு. இது ஒண்ணரை ஏக்கரு. அந்தாண்ட ஒண்ணரை எங்க கொழுந்தனாரு மாதப்பனுது. போன மாசம்தான் சொட்டுநீர்க் குழாய் போட்டோம். தொழிற்பேட்டை வருதுன்னு சொல்றாங்களே, தரிசா இருந்தாத்தான எடுப்பாங்க? இத எடுக்க மாட்டாங்கல்ல?"

தான் வளைத்த மற்ற மூன்று ஏக்கர் எது என்று கையிலிருந்த, இடம் காட்டும் ஜிபிஎஸ் கருவியைப் பார்க்காமலே தெரிந்தது.

"என்னம்மா, பேச மாட்டேங்கறீங்க?" என்றாள் செல்வம்மாள். குரல் இறங்கிவிட்டது. பிறகு என்ன தோன்றியதோ, நாலு ரோஜாவை இலையோடு கையால் ஒடித்து ஜீப்பின் சீட்டில் வைத்தாள். "பார்த்து எழுதுங்க தாயி."

திரும்பும் வழி நெடுக அந்த ரோஜாக்கள் அவள் பக்கத்திலேயே கிடந்தன. மோகன்குமாரை நினைத்து அவள் வருந்தவில்லை. அந்த ஆள்மேல் இருந்த கோபம் ஒரு பொட்டுகூடக் குறையவில்லை. ஆனால் அந்த அம்மாள் ஓடி வந்த ஓட்டம், மண்டபத்தில் அப்பா மேஜையை நோக்கிப் போன அதே வேகத்தில் இருந்தது. அலுவலகத்துக்கு வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து கோட்டை அழித்தாள். ரோஜாத் தோட்டத்தை முன்போலச் சுற்றியிருந்த பயிர்நிலத்தோடு சேர்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு மாந்தோப்பையும் அதை ஒட்டிய தோப்புகளோடு சேர்த்தாள். "சின்னத் திருத்தம் சார்" என்று நீட்டினாள். மோகன்குமார் அதிலும் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அவளுக்குப் புத்தியில் பட்டது. இந்த ஆளைப் பிடிக்கப் பொய் எதற்கு? இவர் போட்ட கையெழுத்துகளே போதும்.

பழைய வரைபடத்துக்கும் புதியதுக்கும் இடையே என்னென்ன மாறியிருக்கிறது என்று காட்டும் ஒப்பீட்டுத் தாளும் திட்டத்தில் உண்டு. யாரும் விரும்பாத வேலை. சூளகிரிப் பகுதிக்கு அதைத் தானே செய்வதாகக் கேட்டு வாங்கினாள். "பழைய பைலெல்லாம் கீழ ஸ்டோர் ரூம்ல கெடக்கும், எடுத்துக்கோ," என்று மோகன்குமாரே சாவியைக் கொடுத்தார்.

தூசிக்குள் மூன்று நாள் தேடினாள். 2000 ஏப்ரலில் எடுத்த படம் கிடைத்தது. அதைத்தான் பயன்படுத்தியிருந்தார்கள். அறுவடையெல்லாம் முடிந்து நிலம் காய்ந்து கிடந்த மாதம். அதே பைல் கட்டுக்குள், பிரிக்கப்படாத உறையில், அதே வருஷம் அக்டோபர் படமும் இருந்தது. வாங்கியிருக்கிறார்கள், திறக்கவே இல்லை. திரையில் போட்டுப் பார்த்தாள். கோணேரிக்கொத்தூரின் கிழக்குப் பக்கம் முழுக்கச் செக்கச்செவேலென்று இருந்தது. அப்பாவின் நாலு ஏக்கர் அதில் முப்பது சதுரப் புள்ளிகூட வராது. ஒவ்வொன்றாக எண்ணினாள். எல்லாம் சிவப்பு.

அடியில் அறுபத்திரண்டு கள ஆய்வுத் தாள்கள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு புகைப்படம் ஒட்டி, "நேரில் பார்வையிடப்பட்டது, தரிசு" என்று எழுதி, மோகன்குமார் கையெழுத்து. புகைப்படங்களை வரிசையாகத் தரையில் பரப்பியபோது அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. பதினொரு தாளில் ஒரே பாறை. அந்தப் பாறையின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நெடுஞ்சாலை மைல்கல். ஜீப்பை விட்டு இறங்காமலே எடுத்த படம்.

2008 ஏப்ரலில் பரிசோதனைக் கூட்டம் நடந்தது. வரைபடத்தைச் சரிபார்க்க வெளியிலிருந்து சின்னராஜ் என்ற மூத்த அதிகாரி வந்திருந்தார். அதிகம் பேசாதவர். மோகன்குமார் அவருக்கு இளநீர் வரவழைத்துக் கொடுத்து எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருந்தார். ஒப்பீட்டுத் தாளின் முறை வந்தது. ஜெயமணி எழுந்து ஏப்ரல் படத்தையும் அக்டோபர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திரையில் போட்டாள். பிறகு பதினொரு புகைப்படங்களை மேஜைமேல் ஒவ்வொன்றாக வைத்தாள்.

"இந்த மைல்கல்லு எங்க இருக்குதுன்னு சார் கிட்ட கேளுங்க," என்றாள். "எங்க ஊர்ல மைல்கல்லே கெடையாது."

மோகன்குமாரின் இடது கை மேஜையைத் துடைக்கத் தொடங்கியது. "அது பழைய கதைம்மா. பசங்க யாராவது போட்டோவ மாத்தி ஒட்டியிருப்பாங்க. இப்ப எதுக்கு அது?"

சின்னராஜ் ஒரு தாளை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "கையெழுத்து உங்களுதுதானே?"

"ஆமா சார், ஆனா..."

"பழசுல இப்படின்னா, புதுசுலயும் நீங்க போட்ட கையெழுத்த நான் எப்படி நம்பறது? நாளைக்குப் போலாம். இந்த அறுபத்திரண்டு எடத்துக்கும். நீங்களும் வாங்க. நடந்தே பார்ப்போம்."

அன்று மாலை ஜெயமணி ஊருக்குப் பஸ் ஏறினாள். அப்பாவிடமும், பக்கத்து வரப்புக்காரராக இருந்த கங்கப்பனிடமும் விஷயத்தைச் சொல்லி, அறுபத்திரண்டு புள்ளிகளும் யார் யார் நிலத்தில் விழுகின்றன என்று காட்டினாள். கங்கப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனார்.

மறுநாள் வெயில் எட்டு மணிக்கே சுட்டது. முதல் புள்ளி, ஊர் எல்லையில் ஒரு புளியமரத்துக்குப் பக்கம். மோகன்குமார் ஜிபிஎஸ்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அங்கே ஒரு கிழவர் நின்றிருந்தார். "இது என் நெலத்து மூலை," என்றார். அவ்வளவுதான். இரண்டாவது புள்ளியில் ஒரு பெண், கையில் பழைய பட்டாவோடு. மூன்றாவதில் அண்ணன் தம்பி இருவர். போகிற ஒவ்வொரு இடத்திலும், அந்த நிலத்தை இழந்தவர்கள் வந்து காத்திருந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை, யாரும் திட்டவில்லை. "வாங்க சார்," என்றார்கள். கங்கப்பன் மட்டும், "ஆறரை வருசம் லேட்டு சார். பரவால்ல, வந்துட்டீங்க," என்றார். மோகன்குமாரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தண்ணீர் கேட்டார். ஜெயமணி தன் பாட்டிலை எடுத்துத் தானே குடித்துவிட்டு மூடி வைத்தாள். கங்கப்பனின் மருமகள்தான் சொம்பில் கொண்டுவந்து கொடுத்தாள்.

பதினெட்டாவது புள்ளி தொழிற்சாலைச் சுவருக்கு உள்ளே விழுந்தது. செக்யூரிட்டி விடவில்லை. சுவரை ஒட்டி ஆஞ்சப்பன் நின்றிருந்தார். மண்டிக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"அந்தப் பக்கம் வேப்பமரம் தெரியுதுங்களா?" என்று சின்னராஜிடம் சொன்னார். "அதுக்கு இந்தாண்ட நம்முது."

மோகன்குமார் அவரையும் ஜெயமணியையும் மாறி மாறிப் பார்த்தார். இவர் மகள்தான் இவள் என்பது இப்போதுதான் விளங்கியது.

"அப்படியா சங்கதி!" என்று திரும்பினார். "சார், இவ யோக்கியம்னு நெனச்சீங்களா? நேத்து கூட்டம் முடிஞ்சதும் நானும் அலமாரியப் பார்த்தேன்." பையிலிருந்து ஒரு சிடியை எடுத்தார். "நவம்பர்ல என் மாந்தோப்பைத் தரிசுன்னு போட்டிருக்கா. பக்கத்துல ரெண்டு பேரு நெலத்தையும் சேர்த்து. என் கையெழுத்தும் வாங்கியிருக்கா. இப்ப சொல்லுங்க, இவளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

ஊர்க்காரர்கள் ஜெயமணியைப் பார்த்தார்கள். சின்னராஜும் பார்த்தார்.

"நெசமாம்மா?"

"நெசந்தான் சார்," என்றாள். "செஞ்சேன். இவரு எங்க நைனா மாதிரி நிக்கணும்னுதான் செஞ்சேன். ஒன்பதாம் நாள் அந்த நெலத்துல போயி நின்னேன், வந்து அழிச்சேன். இவரு இன்னிக்குத்தான் மொதத் தடவையா இங்க வந்து நிக்கறாரு. நான் கூட்டிக்கிட்டு வந்ததால."

மோகன்குமார் ஆஞ்சப்பனிடம் திரும்பினார். "பெரியவரே, நீங்களாவது சொல்லுங்க. வேணும்னு செஞ்சதில்ல. அப்ப மேலிடத்துல அவசரம். வர முடியல."

ஆஞ்சப்பன் சுவரைத் தடவினார். "வந்திருந்தா எங்க வீட்ல சோறு தின்னுட்டுப் போயிருப்பீங்க," என்றார். "வேற என்னத்தச் சொல்றது."

மீதி நாற்பத்து நாலு இடங்களையும் அவர்கள் விடவில்லை. மூன்று நாள் ஆனது. கடைசி நாள் மோகன்குமாரின் செருப்பு வார் அறுந்தது. கையில் தூக்கிக்கொண்டு நடந்தார்.

சின்னராஜ் தன் அறிக்கையில் இரண்டு பெயரையும் எழுதினார். ஜெயமணியைத் தனியாகக் கூப்பிட்டு அதைக் காட்டினார். "பொய்யாக் கோடு போட்டவங்க ரெண்டு பேரு இருக்கும்போது ஒருத்தரை மட்டும் எழுத முடியாதும்மா. உன்னுத நீயே அழிச்சதையும் எழுதியிருக்கேன்." அவள் வாங்கிப் படித்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். கம்பெனி அந்த மாதமே மோகன்குமாரை வெளியேற்றியது. அவளையும் வெளியேற்றியது. வீட்டில் தெரிந்த வாரம் ஆஞ்சப்பன் ஞாயிற்றுக்கிழமையும் மண்டிக்குப் போனார்.

அக்டோபர் படத்தை வைத்து நாற்பது குடும்பங்கள் கிருஷ்ணகிரி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. நிலம் திரும்பி வராது என்று வக்கீல் முதல் நாளே சொல்லிவிட்டார். விளைநிலம் என்று ஒப்புக்கொள்ள வைக்கலாம், அவ்வளவுதான். ஜெயமணி ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கப் போனாள். சாட்சி சொல்ல அவளை ஒரே ஒரு முறைதான் கூப்பிட்டார்கள். அவளோ ஒவ்வொரு வாய்தாவுக்கும் லீவு போட்டுவிட்டு வந்தாள். வழக்கில் மோகன்குமாரையும் எதிர்வாதியாகச் சேர்த்திருந்ததால், அவருக்கு ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்தாக வேண்டிய நிலைமை. வக்கீலுக்காகத் தோப்பை விற்றுவிட்டதாக யாரோ சொன்னார்கள். அவர் வராந்தாவில் எந்த பெஞ்சில் உட்கார்ந்தாலும், அவள் எதிர் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். கண்ணை எடுக்கமாட்டாள். அவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார்.

2009 ஆவணியில் அப்படி ஒரு வாய்தா நாள். வழக்கைத் தள்ளிவைத்துவிட்டார்கள். எல்லோரும் கலைந்தார்கள். மோகன்குமார் மட்டும் வக்கீலுக்காகக் காத்திருந்தார்.

"போதும் வா, ஜெயா. சூளகிரி பஸ்சு வந்துடும்," என்றார் ஆஞ்சப்பன். "ஆளு எளைச்சுட்டான். பாவம், வுட்டுடு."

"நான் ஒண்ணும் பண்ணலையே நைனா. சும்மாதான் உக்காந்திருக்கேன்."

"பஸ்சு போயிடும்."

"அடுத்த பஸ்சுல வரேன். நீ போ."

ஆஞ்சப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினார். எதிர் பெஞ்சில் பேப்பர் மெல்லத் தாழ்ந்தது. அவள் இன்னும் இருக்கிறாளா என்று பார்த்த மோகன்குமார், அவசரமாக மறுபடி உயர்த்திக்கொண்டார். ஜெயமணி கைப்பையை மடியில் சரியாக வைத்துக்கொண்டு, முதுகைச் சாய்த்து, நன்றாக உட்கார்ந்தாள்.